விருந்தினர் வைஃபையில் ஐபி தீர்ந்துபோகிறது: டிஎச்சிபி லீஸ் நேரம் எவ்வளவு வைப்பது?

வகுப்பறை_வைஃபை:
வணக்கம். ஒரு பயிற்சி மையத்தின் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்கிறேன். விருந்தினர் வைஃபைக்குத் தனி விலான் (பிரித்து வைத்த தனி நெட்வொர்க்), 192.168.20.0/24. கருவிகளுக்கு ஐபி முகவரி கொடுக்கும் டிஎச்சிபி ஒரு விண்டோஸ் சர்வரில் ஓடுகிறது. ஸ்கோப், அதாவது கொடுப்பதற்கான முகவரி வரிசை, 192.168.20.30 முதல் 229 வரை, ஆக மொத்தம் 200 முகவரிகள். லீஸ் நேரத்தை, அதாவது ஒரு முகவரி ஒரு கருவிக்கு ஒதுக்கப்படும் காலத்தை, யாரும் தொட்டதில்லை, நிறுவியபோது வந்த 8 நாள் அப்படியே இருக்கிறது.

வழக்கமாக வருகிறவர்களுக்கு இணைப்பு கிடைக்கிறது. புதிதாக வருகிற பலருக்கு, சர்வரிடமிருந்து எதுவும் கிடைக்காமல் கருவி தானாகப் போட்டுக்கொள்ளும், 169.254 என்று தொடங்கும் முகவரிதான் வருகிறது. வைஃபை கண்ட்ரோலரில் பார்த்தால் ஒரே நேரத்தில் 45, மிஞ்சினால் 50 கருவிகள். ஸ்கோப்போ நூறு சதவீதம் நிரம்பியதாகக் காட்டுகிறது. இவென்ட் லாகில் 1063 (கொடுக்க முகவரி இல்லை என்ற பிழை) வந்துகொண்டே இருக்கிறது. லீஸ் நேரத்தைக் குறைக்க வேண்டும் என்று தெரிகிறது. எவ்வளவு வைப்பது?

புதுஸ்விட்ச்:
5 நிமிடம் வையுங்கள். ஆள் போனதும் முகவரி திரும்பிவிடும். நான் எல்லா இடத்திலும் அப்படித்தான் செய்கிறேன்.

டிஎன்எஸ்_தாத்தா:
5 நிமிடம் வேண்டாம் தம்பி. உறக்கத்துக்குப் போன போன் லீஸை ரினியூ செய்யாமல் (புதுப்பிக்காமல்) விட்டுவிட்டால், எழுந்து பார்ப்பதற்குள் அதன் முகவரி வேறு கருவிக்குப் போயிருக்கும். நடந்துகொண்டிருந்த அழைப்பு, பதிவிறக்கம் எல்லாம் அறுந்துவிடும். சர்வர் கொஞ்ச நேரம் ரீஸ்டார்ட் ஆனால்கூட மொத்தக் கூட்டமும் இணைப்பை இழக்கும்.

கேள்வி கேட்டவருக்கு: ஒரு மணி நேரத்தில் தோராயமாக எத்தனை புதுக் கருவிகள் வருகின்றன, ஒருவர் எவ்வளவு நேரம் இருக்கிறார்? அது தெரியாமல் எண் சொல்வதெல்லாம் குறிபார்க்காமல் கல்லெறிவதுதான்.

வகுப்பறை_வைஃபை:
மணிக்குச் சுமார் 30 புதுக் கருவிகள். ஒரு வகுப்பு ஒன்றரை மணி நேரம், முடிந்ததும் கிளம்பிவிடுவார்கள். மையம் நாளுக்கு 8 மணி நேரம் திறந்திருக்கும்.

பாக்கெட்பிரியன்:
நல்லது, இனி கணக்குப் போடலாம்.

முதலில் அடிப்படை. கிளையன்ட், அதாவது முகவரி வாங்கிய கருவி, லீஸ் முடியும் வரை காத்திருப்பதில்லை. டிஎச்சிபியின் தரநிலை ஆவணமான ஆர்எஃப்சி 2131 சொல்வதன்படி, லீஸின் பாதி நேரம் கடந்ததும் தனக்கு முகவரி கொடுத்த சர்வரிடமே நேரடியாகப் போய்ப் புதுப்பிக்கக் கேட்கும். இதற்கு டி1 என்று பெயர். பதில் வரவில்லை என்றால் 87.5 சதவீதம் கடந்ததும், அதாவது டி2 வில், எந்த சர்வராவது பதில் சொல்லட்டும் என்று பிராட்காஸ்டில், அதாவது நெட்வொர்க் முழுவதற்கும் கேட்கும்படி, கத்தும். அதுவும் நடக்கவில்லை என்றால் லீஸ் முடிந்த நொடியில் முகவரியைக் கைவிட வேண்டும்.

இன்னொன்று. வைஃபையில் கிளம்பிப் போகிறவர்களின் போன்கள் பெரும்பாலும் சர்வருக்கு ரிலீஸ் செய்தி அனுப்புவதில்லை. ஆள் போய்விட்டார், துண்டு மட்டும் சீட்டில் கிடக்கிறது. லீஸ் முடியும் வரை அந்தத் துண்டை யாரும் எடுக்க மாட்டார்கள்.

ஆகவே ஒரு முகவரி பிடிபட்டிருக்கும் நேரம், கடைசியாகப் புதுப்பித்த தருணத்திலிருந்து ஒரு முழு லீஸ். அதை மணிக்கு வரும் கருவிகளால் பெருக்கினால் உங்களுக்குத் தேவையான முகவரிகள்.

8 நாள்: முதல் நாளிலேயே 30 × 8 = 240 கருவிகள். உங்களிடம் இருப்பது 200. அன்று மாலையே கதை முடிந்தது. அதற்குப் பிறகு ஒரு வாரத்துக்குப் பழைய முகங்களுக்கு மட்டும்தான் இணைப்பு.

24 மணி நேரம்: இதிலும் ஒரு முகவரிகூட அன்றைக்குத் திரும்பாது. அதே 240.

4 மணி நேரம்: டி1 இரண்டாவது மணியில் வரும். உங்கள் ஆட்கள் ஒன்றரை மணியில் போய்விடுவார்கள், எனவே புதுப்பிப்பே நடக்காது. சரியாக 4 மணி நேரம் பிடிபடும். 30 × 4 = 120.

2 மணி நேரம்: ஒரு மணியில் புதுப்பிக்கும், அங்கிருந்து மேலும் 2 மணி நேரம். மொத்தம் 3. 30 × 3 = 90.

கவனியுங்கள், லீஸைப் பாதியாக்கினால் தேவை பாதியாகவில்லை. 120 லிருந்து 90 க்குத்தான் வந்தது. 1 மணி நேரம் வைத்தாலும் 60, 70 என்று நிற்கும். உள்ளே நிஜமாக இருக்கிறவர்களே 45 பேர், அதற்குக் கீழே எப்படியும் போகாது. நான் 2 மணி நேரம் வைப்பேன்.

புதுஸ்விட்ச்:
கணக்கு புரிகிறது. ஆனால் இவ்வளவு அடிக்கடி ரினியூ செய்தால் சர்வருக்குச் சுமை கூடாதா? பாடப்புத்தகத்தில் அப்படித்தான் எழுதியிருந்தது.

பாக்கெட்பிரியன்:
2,000 கருவிகள், 1 மணி நேர லீஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். அரை மணிக்கு ஒருமுறை புதுப்பிப்பு, மணிக்கு 4,000. நொடிக்கு ஒன்றுக்குச் சற்று மேல், ஒவ்வொன்றுக்கும் இரண்டு பாக்கெட். இன்றைய எந்த சர்வருக்கும் இது தூசு.

சுமை என்று ஏதாவது இருந்தால் அது டிஸ்கில்தான். ஐஎஸ்சி டிஎச்சிபி போன்ற சர்வர் மென்பொருள்கள் ஒவ்வொரு லீஸையும் கோப்பில் எழுதி, அது டிஸ்கில் இறங்கியது உறுதியான பிறகே கிளையன்ட்டுக்கு ஒப்புதல் சொல்லும். சின்ன ரவுட்டர்களில் ஃபிளாஷ் நினைவகம் தேயும் என்பதால்தான் ஓப்பன்டபிள்யுஆர்டி என்ற ரவுட்டர் மென்பொருள் லீஸ் கோப்பைத் தற்காலிக நினைவகத்தில் வைக்கிறது. ரீபூட் செய்தால் பட்டியல் போய்விடும். ஆனாலும் அதில் ஓடும் டிஎச்சிபி மென்பொருளான டிஎன்எஸ்மாஸ்க், கருவியின் வன்பொருள் அடையாளமான மேக் முகவரியிலிருந்து ஹேஷ் போட்டு (ஒரே உள்ளீட்டுக்கு எப்போதும் ஒரே எண் தரும் கணக்கு) ஐபியைத் தேர்ந்தெடுப்பதால், பெரும்பாலும் பழைய முகவரியே திரும்பக் கிடைக்கும். அழகான யோசனை அது.

ராக்கடியில்:
மேக் முகவரி என்றதும் ஒன்று. ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 இரண்டிலிருந்தும் போன்கள் நிஜமான மேக் முகவரியைக் காட்டுவதில்லை, ஒவ்வொரு வைஃபை பெயருக்கும் ஒரு கற்பனை முகவரி. பெரும்பாலும் அதே நெட்வொர்க்கில் அதே முகவரியே இருக்கும், அதனால் தொல்லை இல்லை. ஆனால் ஐஓஎஸ் 18 இல் முகவரியைச் சுழற்றும் தேர்வும் வந்துவிட்டது. கடவுச்சொல் இல்லாத திறந்த வைஃபையில் அதுதான் இயல்பாக அமையும். ஒரே போன் சில வாரங்களில் சர்வருக்குப் புது ஆளாகத் தெரியும். நீண்ட லீஸ் வைத்தால் ஒரே ஆளுக்கு இரண்டு மூன்று முகவரி பிடிபட்டுக் கிடக்கும். விருந்தினர் வைஃபையில் 8 நாள், 30 நாள் எல்லாம் வைக்கக்கூடாது என்பதற்கு இதுவும் காரணம்.

இரவுப்பணி:
இங்கே எல்லோரும் லீஸைக் குறை, குறை என்கிறீர்கள். அலுவலக விலானுக்கும் இதையே செய்துவிடாதீர்கள் என்று சொல்லத்தான் வந்தேன்.

சர்வர் செத்துப்போனால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். கிளையன்ட்டுகள் ஒழுங்காகப் புதுப்பித்துக்கொண்டிருந்தால், எந்த நேரத்திலும் ஒவ்வொன்றின் கையிலும் குறைந்தது பாதி லீஸ் மிச்சம் இருக்கும். 2 மணி நேர லீஸ் என்றால் சர்வர் விழுந்து ஒரு மணி நேரத்தில் முதல் ஆள் கீழே விழ ஆரம்பிப்பார். 8 நாள் என்றால் 4 நாள் அவகாசம். வெள்ளிக்கிழமை இரவு டிஸ்க் போனாலும் திங்கட்கிழமை காலை நிதானமாக வந்து சரிசெய்யலாம். மேசைக் கணினிகள் நூறு, முகவரிகள் இருநூறு, ஆட்கள் மாறுவதே இல்லை. அங்கே லீஸைக் குறைத்து என்ன லாபம்? தூக்கம்தான் கெடும்.

புதிதாக வரும் கருவிக்கு எந்த லீஸும் உதவாது, அது வேறு விஷயம். அதற்கு இரண்டாவது சர்வர்தான் வேண்டும்.

புதுஸ்விட்ச்:
அப்படியானால் அலுவலகத்தில் காலவரையற்ற லீஸே கொடுத்துவிடலாமே?

டிஎன்எஸ்_தாத்தா:
கொடுக்கலாம், நெறிமுறையே அனுமதிக்கிறது. லீஸ் நேரம் நொடிக் கணக்கில் 32 பிட் எண், எல்லா பிட்டும் ஒன்றாக இருந்தால் முடிவே இல்லை என்று பொருள். அதற்கு ஒரு நொடி குறைவாக வைத்தாலும் சுமார் 136 வருடம், எந்தப் பிரின்டரும் அதுவரை ஓடாது.

தொல்லை என்னவென்றால், முடிவில்லாத லீஸ் வாங்கிய கருவி திரும்பிவந்து கேட்கவே கேட்காது. நாளைக்கு டிஎன்எஸ் சர்வரின் முகவரியையோ கேட்வேயையோ (வெளியே போகும் வழியான ரவுட்டரின் முகவரி) மாற்றினால் அதற்கு எப்படித் தெரியும்? யாராவது அதை அணைத்துப் போட வேண்டும். ரினியூவல் என்பது முகவரியைத் தக்கவைக்க மட்டும் இல்லை, புது அமைப்புகள் போய்ச் சேரும் வழியும் அதுதான். பிரின்டருக்கு நிலையான முகவரி வேண்டும் என்றால் ரிசர்வேஷன் போடுங்கள், அதாவது சர்வரிலேயே அந்தக் கருவிக்கென்று ஒரு முகவரியை ஒதுக்கிவையுங்கள். முகவரி மாறாது, ஆனால் லீஸ் நேரப்படி வந்து கேட்டுக்கொண்டும் இருக்கும்.

கம்பிவால்:
இழையை நடுவில் மறிப்பதற்கு மன்னிக்கவும். சம்பந்தமான சந்தேகம்தான். எங்கள் அலுவலகத்தில் லீஸ் 8 மணி நேரம். சர்வர் வேறு சப்நெட்டில், நடுவே ஃபயர்வால், அதிலேயே ரிலேயும் ஓடுகிறது. சர்வர் லாகைப் பார்த்தால் எல்லாக் கருவிகளும் 7 மணி நேரம் கழித்துத்தான் புதுப்பிக்கின்றன. பாதி என்றால் 4 மணி நேரம்தானே?

பாக்கெட்பிரியன்:
8 மணி நேரத்தின் 87.5 சதவீதம் எவ்வளவு என்று பாருங்கள். சரியாக 7. உங்கள் கிளையன்ட்டுகளின் டி1 முயற்சி எல்லாம் தோற்று, டி2 வில்தான் பிழைக்கின்றன.

காரணம் ஏறக்குறைய நிச்சயம். முதல்முறை முகவரி வாங்கும்போது கிளையன்ட் பிராட்காஸ்ட் செய்கிறது, ரிலே அதை எடுத்து சர்வருக்கு அனுப்புகிறது. டி1 புதுப்பிப்பில் ரிலேக்கு வேலையே இல்லை. கிளையன்ட் தன் சொந்த ஐபியிலிருந்து சர்வரின் ஐபிக்கு நேராக யூனிகாஸ்ட் அனுப்பும், யுடிபி 68 லிருந்து 67 க்கு. உங்கள் ஃபயர்வால் விதியில் ரிலேயிலிருந்து சர்வருக்கு மட்டும் வழி விட்டிருப்பார்கள். கிளையன்ட் சப்நெட்டிலிருந்து சர்வருக்கு 67 ஐத் திறந்துவிடுங்கள். பதில் திரும்பி வரும் பாதையையும் பாருங்கள்.

கம்பிவால்:
அதேதான். விதியில் ரிலேயின் முகவரி மட்டும் இருந்தது. சப்நெட்டைச் சேர்த்தபிறகு 4 மணியில் புதுப்பிக்கிறது. ஆனால் இத்தனை காலமும் யாரும் புகார் சொல்லவில்லையே?

இரவுப்பணி:
சொல்ல மாட்டார்கள், இணைப்பு அறுந்தால்தானே சொல்வார்கள். நான் மேலே சொன்ன அவகாசத்தை மட்டும் கொஞ்சம் திருத்திக்கொள்ளுங்கள். அந்த நிலையில் சர்வர் விழுந்திருந்தால் உங்களுக்குக் கிடைத்திருக்கக்கூடியது 4 மணி நேரம் இல்லை, மோசமான கணத்தில் வெறும் 1 மணி நேரம். லீஸ் நேரம் வைப்பவர்கள் ஒருமுறையாவது லாகைத் திறந்து எத்தனை சதவீதத்தில் புதுப்பிப்பு நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

வகுப்பறை_வைஃபை:
திரும்பி வந்தேன். பாக்கெட்பிரியன் சொன்னபடி 2 மணி நேரம் வைத்தேன். மாற்றியும் பழைய லீஸ்கள் அசையவில்லை.

டிஎன்எஸ்_தாத்தா:
அசையாது. நீங்கள் மாற்றியது இனிமேல் கொடுக்கும் லீஸுக்கு. ஏற்கெனவே 8 நாள் வாங்கிக்கொண்டு போனவருக்கு 8 நாள்தான், அவர் திரும்ப வந்து புதுப்பித்தால் ஒழிய. விருந்தினர்தானே, இப்போது இணைந்திராதவர்களின் லீஸ்களை ஸ்கோப்பிலிருந்து கையால் நீக்கிவிடுங்கள். அலுவலக விலானில் அப்படிச் செய்ய வேண்டாம், முகவரி மோதல் வரும்.

வகுப்பறை_வைஃபை:
நீக்கினேன். 169.254 புகார் நின்றுவிட்டது. ஆனால் கணக்கு இடிக்கிறது. 90 முகவரி போதும் என்றீர்கள். மதியத்துக்குள்ளேயே 90 ஐத் தாண்டிவிட்டது, மாலையில் 200 ஐ எட்டப் பார்க்கிறது. பட்டியலில் காலாவதியான நேரம் கடந்தும் பல பதிவுகள் மங்கலாக உட்கார்ந்திருக்கின்றன.

ராக்கடியில்:
அட, விண்டோஸ் சர்வர் என்று சொல்லியிருந்தீர்கள் இல்லையா. அதில் லீஸ் முடிந்ததும் பதிவு உடனே அழியாது. இயல்பாக 4 மணி நேரச் சலுகைக் காலம் உண்டு. கடிகாரம் ஒத்துப்போகாத கிளையன்ட், லீஸ் முடியும் நேரத்தில் அணைந்திருந்த கணினி, இவற்றைக் காப்பாற்றுவதற்காக வைத்த ஏற்பாடு. அதையும் சேர்த்துக் கணக்குப் போட்டுக்கொள்வதுதான் பாதுகாப்பு.

பாக்கெட்பிரியன்:
ஆமாம், அப்படியானால் பட்டியல் இப்படி மாறும். 4 மணி நேர லீஸ்: 4 + 4 = 8 மணி நேரம், 240 முகவரி. 2 மணி நேரம்: 3 + 4 = 7, 210 முகவரி. 1 மணி நேரம்: 2 + 4 = 6, 180 முகவரி.

லீஸை நான்கில் ஒரு பங்காகக் குறைத்தாலும் தேவை கால்வாசிதான் குறைகிறது. இனி லீஸை நெருக்கி ஒன்றும் ஆகாது. முகவரிப் பூலைப் பெரிதாக்குங்கள். தனியார் முகவரிதானே, காசா பணமா? 192.168.20.0/22 என்று எடுத்தால் 20 முதல் 23 வரை உங்களுக்கு, கேட்வே 20.1 அப்படியே இருக்கும். 20.30 லிருந்து 23.254 வரை 993 முகவரிகள். அதன்பிறகு 8 மணி நேரம் வையுங்கள், ஒரு நாள்கூட வையுங்கள், நிரம்பாது.

புதுஸ்விட்ச்:
/22 பெரிதாயிற்றே, பிராட்காஸ்ட் கூடாதா?

பாக்கெட்பிரியன்:
பிராட்காஸ்ட் செய்வது கருவிகள், சப்நெட் மாஸ்க் இல்லை. உள்ளே இருப்பது அதே 50 பேர். விருந்தினர் வைஃபையில் ஒருவரையொருவர் பார்க்க முடியாதபடி தனிமைப்படுத்தியும் வைத்திருப்பார்கள்.

லினக்ஸ்திண்ணை:
விண்டோஸ் இல்லாதவர்களும் இந்த இழையைப் படிப்பார்கள் என்பதால் சுருக்கமாக. தொடாமல் விட்டால் கிடைக்கும் லீஸ் நேரம் ஒவ்வொன்றிலும் வேறு. சிஸ்கோ ரவுட்டர்களின் ஐஓஎஸ்ஸில் (ஐபோனின் ஐஓஎஸ் இல்லை) 1 நாள். டிஎன்எஸ்மாஸ்க்கில் எழுதாமல் விட்டால் 1 மணி நேரம், 2 நிமிடத்துக்குக் கீழே வைக்க விடாது. ஓப்பன்டபிள்யுஆர்டி அதன்மேல் 12 மணி நேரம் என்று எழுதி வைத்திருக்கும்.

ஐஎஸ்சி டிஎச்சிபியில் ஒரு பொறி உண்டு. டீஃபால்ட் லீஸ் டைம் 3600 என்று மட்டும் எழுதிவிட்டு, ஏன் சில கருவிகளுக்கு 24 மணி நேரம் போகிறது என்று கேட்பவர்கள் நிறைய. அந்த எண், கிளையன்ட் எதுவும் கேட்காதபோது மட்டும். கிளையன்ட் தானாக நீண்ட நேரம் கேட்டால் மேக்ஸ் லீஸ் டைம் வரை கொடுத்துவிடும், அது எழுதப்படாவிட்டால் 86400. இரண்டையும் எழுதுங்கள். அந்த மென்பொருளின் பராமரிப்பே 2022 உடன் நின்றுவிட்டது, வாரிசு கியா. அதில் இயல்பான லீஸ் 7200 நொடி. லீஸுக்கு ஒரே எண் கொடுத்தால் குறைந்தபட்சமும் அதிகபட்சமும் அதுவே, இந்தக் குழப்பம் இல்லை.

வகுப்பறை_வைஃபை:
/22 க்கு மாற்றப் போனேன். இருக்கிற ஸ்கோப்பின் மாஸ்க்கை மாற்ற இடமே இல்லையே?

ராக்கடியில்:
விண்டோஸில் மாஸ்க்கை மாற்ற முடியாது. ஸ்கோப்பை அழித்துப் புதிதாக உருவாக்க வேண்டும். பயப்பட வேண்டாம், உங்கள் லீஸ் இப்போது 2 மணி நேரம்தான். மையம் மூடிய பிறகு விட்டுவிட்டால் காலைக்குள் யார் கையிலும் உயிருள்ள லீஸ் இருக்காது. திறப்பதற்கு முன் பழைய ஸ்கோப்பை அழித்துப் புதியதைப் போடுங்கள், ரவுட்டரில் அந்த இடைமுகத்தின் மாஸ்க்கையும் மாற்றுங்கள். 21, 22, 23 வேறு எங்கும் பயன்பாட்டில் இல்லை என்று மட்டும் முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

கேட்வே, டிஎன்எஸ் மாற்றும் எந்த வேலைக்கும் இதே முறைதான். பழைய லீஸ் 8 நாள் என்றால், குறைந்தது 8 நாள் முன்பே அதைக் குறைத்துவிட வேண்டும். முந்தின நாள் இரவு குறைத்துவிட்டு மறுநாள் மாற்றினால் பாதிப் பேர் பழைய கேட்வேயைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

வகுப்பறை_வைஃபை:
முடிந்தது. /22, லீஸ் 8 மணி நேரம். நேற்று மாலை மூடும்போது 240 சொச்சம், ஸ்கோப்பில் கால்வாசி. 1063 வரவில்லை. அலுவலக விலானை 8 நாளிலேயே விட்டுவிட்டேன். ஒரே ஒரு சந்தேகம்: இரண்டாவது சர்வரைச் சேர்த்து ஃபெயிலோவர் (ஒன்று விழுந்தால் மற்றது பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு) போட்டேன், அதிலிருந்து அலுவலகத்தில் புதுக் கணினிக்கு 1 மணி நேர லீஸ் போகிறது. அமைப்பில் 8 நாள் என்றுதான் இருக்கிறது.

இரவுப்பணி:
அது பழுது இல்லை. ஃபெயிலோவரில் ஒரு சர்வர், மற்றதற்குத் தெரிவிக்காமல் கொடுக்கக்கூடிய நேரத்துக்கு ஓர் உச்சவரம்பு உண்டு, எம்சிஎல்டி என்பார்கள். விண்டோஸில் இயல்பாக 1 மணி நேரம். முதல் லீஸ் அந்த அளவுக்குத்தான் கிடைக்கும், அடுத்த புதுப்பிப்பில் முழு 8 நாள் வந்துவிடும். அரை மணி கழித்துப் பாருங்கள்.

வகுப்பறை_வைஃபை:
பார்த்தேன், 8 நாள் ஆகிவிட்டது. நன்றி.

ராக்கடியில்:
லாகையும் கவனித்துக்கொள்ளுங்கள். விருந்தினர் வைஃபையில் இன்று காலை ஒருவரிடம் இருந்த முகவரி நாளை வேறொருவரிடம் இருக்கும். எந்த நேரத்தில் யாரிடம் எந்த முகவரி என்று யாராவது கேட்டால் டிஎச்சிபி ஆடிட் லாக்தான் பதில். விண்டோஸ் அதைக் கிழமைக்கு ஒரு கோப்பாக வைக்கும், அடுத்த வாரம் அதே கிழமையில் மேலேயே எழுதிவிடும். தினமும் வேறு இடத்துக்கு நகல் எடுக்க ஒரு ஸ்கிரிப்ட் போட்டுவிடுங்கள்.